ழகரம் இல்லாத மன்னிப்பு

திருந்தாத ஓர் அப்பாவை மூன்று நாளில் திருத்தித் தரும்படி எனக்கு உத்தரவு வந்தது.

நான் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறவள். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழு மணி, அரை மணி நேரம். இரண்டு வருடமாக ஓடுகிறது. அதில் ஓர் அப்பா உண்டு. மகளைப் பெல்ட்டால் அடிப்பார், அறையில் வைத்துப் பூட்டுவார், பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். அந்த வேடத்தில் நடிப்பவரை யூனிட்டில் எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவோம். கேமராவுக்கு வெளியே எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற மனிதர். என்ன மாயமோ, அடிக்கிற அப்பாவாக நடித்தே வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். அந்த அப்பா திருந்த வேண்டும் என்று பார்த்தவர்கள் சேனலுக்கு எழுதினார்கள். சேனல் டைரக்டரிடம் சொன்னது. டைரக்டர் என்னிடம் வந்தார்.

"மேடம், வெள்ளிக்கிழமை அப்பா திருந்தறார். பொண்ணு மன்னிக்கிறா. சீன் வேணும்."

"எதனால திருந்தறார்?"

"அதுக்குக் காரணம் வேற வேணுமா? வயசாயிடுச்சு, உடம்பு முடியல. போதாதா?"

"வயசானா கை தளரும் சார். புத்தி மாறிடுமா?"

"கதையிலகூட ஒரு மனுஷன் திருந்தக் கூடாதா? என்ன மேடம் இவ்வளவு கல் நெஞ்சு?"

"திருந்தட்டும், யார் வேணாம்னா? அவர் திருந்தினா அவ எதுக்கு உடனே மன்னிக்கணும்? திருந்தறது அவரோட வேலை. மன்னிக்கறது எப்படி அவளோட வேலையாச்சு? ரெண்டு வருஷம் அடிச்சுட்டு அரை மணி நேரத்துல நல்லவனாயிட்டா, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? தப்பு அவமேலதான், இவ்வளவு நாள் பிடிவாதமா இருந்துட்டாள்னு நினைப்பாங்க."

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, எழுத வேறு ஆள் தயாராக இருப்பதை, வானிலை அறிக்கை வாசிப்பது போல் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்குத் தெரியாது. மீசை இரண்டு வருடமாக நடித்துக்கொண்டிருப்பது என் அப்பாவை.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஊரார் பிழையெல்லாம் திருத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் சிவப்புப் பேனாவை மூடாதவர். என் தங்கைக்கு ஆறு வயதாகியும் ழ வரவில்லை. மழையை மளை என்பாள், பழத்தைப் பளம் என்பாள். கேட்பவர்கள் கன்னத்தைக் கிள்ளிச் சிரிப்பார்கள். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. முதலில் ஸ்கேல், பிறகு பெல்ட். இரண்டுக்கும் நாக்கு மசியவில்லை என்றதும், படிக்கட்டுக்கு அடியில் இருந்த இருட்டறை. உடைந்த நாற்காலியும் கட்டுக்கட்டாகப் பழைய தாள்களும் கரப்பான்பூச்சியும் இருந்த அறை. அவளை உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ப்ரூஃப் பார்ப்பார்.

"'தாழ்ப்பாளைத் திறங்கப்பா'ன்னு சரியா சொல்லு. திறக்கறேன்."

உள்ளே இருந்து அவள் சொல்வாள். தாள்ப்பாள்.

"பிழை. மறுபடி."

அம்மா அடுக்களையில் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்ப்பாள். அவளுக்குத் தெரிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். அதையும் அப்பா கவனித்த மாதிரித் தெரியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

ஒருநாள் தங்கையை உள்ளே வைத்துவிட்டு அப்பா கடைக்குப் போனார். அம்மாவும் வீட்டில் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது, கைக்கு எட்டும் உயரத்தில். "அக்கா, நீ திற அக்கா" என்று அவள் உள்ளேயிருந்து கெஞ்சினாள். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்பா திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டுப் போய், வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் படுக்கும்போது அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, அப்பா அடிச்சாக்கூடப் பரவால்ல. கதவைத் திறந்ததும் 'பயந்துட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்" என்றாள். நான் தூங்குவது போல் பாசாங்கு செய்தேன். எனக்கு ழ வந்தது, அதனால் நான் தப்பித்தேன். முப்பத்து மூன்று வருடமாக அதை யோசிக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவளுக்கு ழ கடைசிவரை வரவில்லை. அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த எழுத்து இருக்கிற வார்த்தைகளையெல்லாம் பேச்சிலிருந்து தூக்கிவிட்டாள். குழந்தை என்று சொல்ல மாட்டாள், பிள்ளை என்பாள். கீழே என்பதற்குத் தரையில. அழாதே என்பதற்குக் கண்ணைத் துடை. இப்போது பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். தினமும் நூறு பேரிடம் பேசுகிறாள், ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். கணவனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அந்தச் சின்னக்குட்டிக்கும் மளைதான், பளம்தான். என் தங்கை அதை ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடி வந்த அன்றே ஆள் கூப்பிட்டு, எல்லா அறைக் கதவுகளிலும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள்களைக் கழற்றச் சொன்னாள். திருகாணி இருந்த ஓட்டைகள் இன்னும் தெரியும். அப்பாவின் முகத்தில் அவள் விழித்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் சாவுக்கு வந்தபோதும் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. நான் எழுதும் தொடரையும் அவள் பார்ப்பதில்லை.

மீசைக்கும் ழ வராது. அதை நான் முதல் நாள் ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ழ இல்லாமல் பேசுவது எப்படி என்று கூடவே வளர்ந்து கற்றவள் நான். இரண்டு வருடமாக அந்த அப்பாவுக்கு ழ இல்லாத வசனமாகவே எழுதிவந்தேன். அப்படியும் மீசை சொந்தமாக ஏதாவது சேர்த்து எங்கேயாவது மாட்டிக்கொள்வார். அன்றைக்கு என் அப்பாவிடமிருந்து போன் வரும்.

அப்பா தனியாகத்தான் இருந்தார். ஏழு மணிக்குத் தொடர் பார்ப்பார், ஏழரைக்கு எனக்குப் போன் செய்வார். என்னைப் பிடித்த ஏழரை அது. "இன்னைக்கு மூணு பிழை. உன் நடிகன் கிழவிங்கறதைக் கிளவிங்கறான். நாக்குல சூடு வைக்கணும்" என்பார். அந்தக் கிழவர் யாரென்று ஒருநாளாவது அவருக்கு உறைத்ததா என்று கேட்காதீர்கள். கண்ணாடியில் முகம் பார்த்தும் அதிலிருக்கிற எழுத்துப்பிழையைத் தேடுகிற மனிதர்.

சரி, திருந்தும் சீனுக்கு வருகிறேன்.

இரண்டு நாள் ஒரு வரி ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை, ஆத்திரத்தோடு உட்கார்ந்தேன். அப்பா மகளின் காலில் விழ வேண்டும் என்று சேனல் கேட்டிருந்தது. 'காலில் விழுகிறேன்' என்று மீசையால் சொல்ல முடியாது. எனவே விழுவதை உட்காருவதாக மாற்றினேன். பூட்டிய இருட்டறையைக் காட்ட செட்டில் இடம் இல்லை, பாத்ரூம் கதவுதான் இருக்கிறது என்றார்கள். எனவே பாத்ரூம். தாழ்ப்பாள் என்ற சொல் வரவே முடியாது. எனவே கதவு. இப்படி ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்த சீனில், கடைசி வரிக்கு மட்டும் எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. அது தானாக வந்தது.

'பிள்ளை, உன் கால் பக்கத்துல கொஞ்சம் உட்காரட்டுமா? மன்னிப்பு கேக்க வரல. அதைக் கேக்கற தகுதி எனக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உன்னை பாத்ரூம்ல வெச்சுக் கதவைச் சாத்தினேனே, இருட்டா இருந்திருக்கும். பயந்துட்டியா?'

எழுதி முடித்துவிட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதேன். வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்டவள்தான். எழுத உட்கார்ந்ததும் எனக்கே அதைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை சீன் ஓடியது. யூனிட்டில் லைட் பிடிக்கிறவர்வரைக்கும் கண் கலங்கினார்கள். விழாமல் உட்கார்ந்தாரே, அதுதான் பிரமாதம் என்று டைரக்டர் என் கையைக் குலுக்கினார். ஏழரை ஆயிற்று. எட்டும் ஆயிற்று. அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அசட்டுத்தனமாக ஒரு நம்பிக்கை எனக்குள் எட்டிப் பார்த்தது. ஒருவேளை உறைத்திருக்குமோ?

இரண்டு வாரம் கழித்து, மதியம், டப்பிங் அறையில் இருந்தபோது தங்கை அழைத்தாள். வேலை நேரத்தில் அவள் அழைப்பதே இல்லை.

"அக்கா, ஒரு விஷயம். திட்டக் கூடாது. அப்பா வந்தாரு."

"எங்க?"

"என் வீட்டுக்கு. பத்து நாளாச்சு. உனக்கு நிதானமா சொல்லலாம்னு இருந்தேன். கதவைச் சாத்தத்தான் போனேன் அக்கா. ஆனா அவரு தரையில உட்கார்ந்துட்டாரு. என் கால் பக்கத்துல. என்னைப் பிள்ளைன்னு கூப்பிட்டாரு. அப்பா வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து நீ கேட்டிருக்கியா?"

நான் கேட்டதில்லை, எழுதியிருக்கிறேன். கையிலிருந்த தாள்கள் நழுவித் தரையெல்லாம் பரவின.

"மன்னிப்பு கேக்கற தகுதி இல்லன்னாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னாரு. என்ன கேட்டாரு தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. "பயந்துட்டியான்னு கேட்டாரு அக்கா. அப்பா கேட்டாரு."

நான் குனிந்து தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"இன்னொண்ணு கவனிச்சேன். அவ்வளவு நேரம் பேசினாரு, எனக்கு வராத அந்தச் சத்தம் ஒரு தடவைகூட அவர் பேச்சுல வரல. எனக்காகப் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்காரு. எத்தனை நாள் யோசிச்சிருப்பாரு! எந்த ரூம்னுதான் மறந்துட்டாரு, பாத்ரூம்னாரு. பாவம், வயசாச்சுல்ல?"

சொல்லியிருக்க வேண்டும், அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அவள் இப்படிச் சிரித்துக்கொண்டே அழுது நான் கேட்டதில்லை.

"பிள்ளையைப் பார்த்துக்கிட்ட ஆயா நின்னுட்டாங்கல்ல? இப்போ அப்பாதான் ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர்றாரு. நாலு மணிக்கு நான் வர்ற வரைக்கும் அவர்தான் துணை. பாடம்கூடச் சொல்லித் தர்றாரு."

"பாடமா? என்ன பாடம்?"

"ஏதோ வாசிக்கச் சொல்லித் தர்றாரு. இரு, ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பேசறேன்."

மணி இரண்டரை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினேன். வாடகைக் கார் கிடைத்தது, பாதி தூரத்தில் நெரிசலில் மாட்டியது. இறங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில், செருப்பு வார் அறுந்து, கையில் செருப்போடு ஓடுகிற பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் கண்முன்னால் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்தக் கதவு மட்டும்தான் இருந்தது.

அப்பாதான் கதவைத் திறந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. இளைத்திருந்தார்.

"வா. என்ன இப்படி மூச்சு வாங்குது? தண்ணி குடி. குழந்தை கலர் அடிச்சுக்கிட்டிருக்கா."

என்னிடம் குழந்தை என்றார், பிள்ளை என்று சொல்லவில்லை.

சின்னக்குட்டி கூடத்தில் குப்புறப் படுத்து ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் பிஸ்கட். கை, கால், முகம் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "பெரியம்மா!" என்று எழுந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்பாவை அடுக்களைக்குக் கூப்பிட்டேன்.

"அது என் வசனம்ப்பா."

"ஆமா." மறுக்கக்கூட இல்லை. "நல்லா எழுதியிருந்தே. தேடிப் பார்த்தேன், ஒரு பிழை இல்ல. தாள்ல எழுதி வெச்சு நாலு நாள் மனப்பாடம் பண்ணினேன்."

"நீங்களா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. உனக்கு வருது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தனியா இருக்கேன். கண்ணை மூடறதுக்குள்ள பேத்தியைப் பார்க்கணும்னு இருந்துச்சு. வேற வழி தெரியல."

என் கோபம் அப்படியே தொய்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒருவர், தெரிந்தவள் எழுதியதைப் படித்துக்கொண்டு வந்து கேட்டால் அது பொய்யாகிவிடுமா? மீசை சொன்னபோது அழுத நான், அப்பா சொன்னால் மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்? கதையிலகூட ஒரு மனுஷன் திருந்தக் கூடாதா என்று டைரக்டர் கேட்டது காதில் விழுந்தது. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவளை எந்த ரூம்ல வெச்சுப் பூட்டுவீங்க, ஞாபகம் இருக்காப்பா?"

"பாத்ரூம்தானே? நீதானே எழுதியிருந்தே."

பதில் சொல்வதற்குள் சின்னக்குட்டி யானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, எனக்கு இப்போ ழ வருமே!"

"அப்படியா?"

"மழை. பழம். கிழமை." ஒவ்வொன்றும் சுத்தமாக, நாக்கு மடிந்து வந்தது. போன மாதம்தான் என்னிடம் மளை என்றிருந்தாள். "இரு, பெரிய வார்த்தை இருக்கு." யானையை என் கையில் கொடுத்தாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். கண்களை இறுக மூடினாள்.

"தாழ்ப்பாளைத் திறங்க தாத்தா."

மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்தேன்.

"இதை எங்க நின்னு சொல்லுவே கண்ணு?"

அடுக்களையை ஒட்டிய சாமான் அறையைக் காட்டினாள். ஜன்னல் இல்லாத அறை. "அதுக்குள்ள. லைட் கெடையாது. சரியா சொல்லலைன்னா தாத்தா 'பிழை, மறுபடி'ம்பாரு. முதல்ல அழுதேன். இப்போ அழறதில்ல."

"அந்தக் கதவுல தாழ்ப்பாளே இல்லையே?"

"அதான், தாத்தா வெளியில நாற்காலி போட்டு, கதவுல சாஞ்சு உட்கார்ந்துப்பாரு." தன் கெட்டிக்காரத்தனத்துக்குத் தானே சிரித்தாள். "தாத்தாதான் தாழ்ப்பாள்."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"நல்லா வந்தப்புறம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு தாத்தா சொன்னாரு."

அப்பாவை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் முகத்தில் பெருமை பொங்கியது. இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.

"பார்த்தியா? அவளுக்கு வராதது இவளுக்கு எட்டே நாள்ல வந்துடுச்சு. ஒரு அடி அடிக்கல. கேட்டுப் பாரு. நான் மாறிட்டேன்."

உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? சின்னக்குட்டியை மடியில் இருத்திக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழை விரித்தார். நாலு மணிக்குத் தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். என் செருப்பை வாசலில் பார்த்திருக்கிறாள்.

"அக்கா! எப்போ வந்தே?"

"அம்மா, கேளேன், கேளேன்!" சின்னக்குட்டி என் மடியிலிருந்து துள்ளி ஓடினாள். நான் பிடிப்பதற்குள், கைகளை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, அதைச் சொல்லிவிட்டாள்.

தங்கை ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சாமான் அறைக் கதவைப் பார்த்தாள். அதன் பக்கத்தில், சுவரோரம், சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது. தோள்பை நழுவி விழுந்தது.

"வெளியில போங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

அப்பா நாளிதழை மடித்து வைத்தார். எழுந்து, அவள் அருகே வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்தார்.

"பிள்ளை, உன் கால் பக்கத்துல கொஞ்சம் உட்காரட்டுமா? மன்னிப்பு கேக்க வரல. அதைக் கேக்கற தகுதி எனக்கு இல்ல."

தங்கையின் முகம் இளகியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன், இனி எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். மகள் இருட்டில் நின்றது தெரிந்த பிறகும், அந்த நாற்காலியைப் பார்த்த பிறகும், அந்த வார்த்தைகள் வேலை செய்தன. கை தானாக அவர் தலையை நோக்கி இறங்கியது. பாவி, நான் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்..."

"அது நான் எழுதினது!" என்று கத்தினேன். "என் சீரியலுக்கு எழுதினது. அந்த மீசைக்கு ழ வராது, அதனாலதான் ழ இல்ல, உனக்காக இல்ல. விழறேன்னு சொல்ல வராது, அதனால உட்கார்றாரு. செட்ல பாத்ரூம் கதவுதான் இருந்துச்சு, அதனால பாத்ரூம். மறதியெல்லாம் இல்ல. நீ எங்க கிடந்தேன்னே அவருக்குத் தெரியாது. எல்லாம் நான் எழுதினதுடி."

அவள் கை பாதியில் நின்றது.

ஒத்திகையைக் கெடுத்தவளைப் பார்ப்பது போல் அப்பா என்னைப் பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். மூக்குக்கண்ணாடியையும் குடையையும் எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பி, சின்னக்குட்டியிடம், "தினமும் சொல்லிப் பழகு. விட்டா மறந்துடும்" என்றார். படியிறங்கும் சத்தம் தேய்ந்து நின்றது.

சின்னக்குட்டி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் பிழையா சொன்னேனாம்மா?" என்றாள். தங்கை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பெண்ணை, கைக்குழந்தையைப் போல.

"கால் பக்கத்துல உட்கார்றது, பிள்ளைங்கறது, பாத்ரூம்ங்கறது. எல்லாம் அந்த மீசைக்காகப் போட்டது. சரி." என்னைப் பார்க்காமலே கேட்டாள். "பயந்துட்டியாங்கறது? அதுவும் அந்த ஆளுக்குச் சுலபமா வரும்னு போட்டதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஏற்கெனவே போதுமான அளவு பொய் இருந்தது.

"இல்ல. அது நீ சொன்னது. படுத்திருக்கும்போது."

"நீ தூங்கல."

"தூங்கல."

"அப்போ இத்தனை வருஷமா உனக்குத் தெரியும். நான் எந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்." இப்போது என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அதைப் பத்திரமா வெச்சிருந்து, கொண்டுபோய் அவர் வாயில கொடுத்திருக்கே. அக்கா, அப்பா கடைக்குப் போன அன்னிக்கு நீ கதவுல கை வெச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கையை எடுத்ததும் கேட்டுச்சு. அவர் கேட்க மாட்டாருன்னு எனக்கே தெரியும். நீ கேட்டிருக்கலாமே. ஒரு தடவை, நீயா, என்கிட்ட."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆயிரம் வரி எழுதியவள் நான். அந்தக் கூடத்தில் சொந்தமாக ஒரு சொல் அகப்படவில்லை. கடைசியில் அதையேதான் கேட்டேன்.

"பயந்துட்டியா?"

அவள் அதைக் காதில் வைத்துப் பார்ப்பது போல் தலையைச் சாய்த்தாள்.

"இப்போ அதுவும் வசனமாத்தான் கேக்குது அக்கா" என்றாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவில் கை வைத்தேன். இந்த முறை தாழ்ப்பாள் என் பக்கம் இல்லை.